இரண்டு நாற்காலி மட்டும் ஏன்? நம் தொகுதித் தமிழ் அமைப்புகளின் கூட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

10 ஜூன் 2024
தெற்கு லண்டன்

கூட்டுக் குழுவின் தலைவருக்கும் செயலாளருக்கும் உறுப்பினர்களுக்கும்,

ஜூலை 4 பொதுத் தேர்தலுக்காக ஜூன் 23 ஞாயிறு மாலை நீங்கள் நடத்தவிருக்கும் வேட்பாளர் சந்திப்பின் அறிவித்தல் சனிக்கிழமை வாட்ஸப்பில் வந்தது. ஒரு பக்கம் தொழிற்கட்சி வேட்பாளரின் படம், மறுபக்கம் கன்சர்வேட்டிவ் வேட்பாளரின் படம், நடுவில் குத்துவிளக்கு. வேட்புமனுத் தாக்கல் முந்தின நாள் பின்னேரம் நான்கு மணிக்கே முடிந்துவிட்டது. வாக்குச்சீட்டில் யார் யார் இருக்கப்போகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் மற்றவர்கள் எவரின் பெயரும் உங்கள் அறிவித்தலில் இல்லை. பசுமைக் கட்சி வேட்பாளரின் பெயரும் இல்லை. நான் அவருக்காகத் துண்டுப்பிரசுரம் கொடுத்துத் திரிபவள். அவருடைய மனுவில் கையெழுத்திட்ட பத்து வாக்காளர்களில் நானும் ஒருத்தி. இதை மறைத்துவிட்டு நடுநிலை வேடம் போட எனக்கு விருப்பமில்லை.

அன்று இரவே செயலாளர் ஐயாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். மரியாதையாகத்தான் கதைத்தார். "தங்கச்சி, மண்டபம் இரண்டு மணித்தியாலத்துக்குத்தான் கிடைச்சிருக்கு. வெல்லக்கூடிய ஆக்களைத்தான் கூப்பிட்டிருக்கிறம். பச்சைக்காரர் நல்ல ஆக்கள்தான், ஆனா வெல்லப்போறதில்லையே" என்றார். எதை வைத்து முடிவெடுத்தீர்கள், குழுவில் யாராவது மறுத்துப் பேசினார்களா, கூட்டக் குறிப்பு இருக்கிறதா என்று கேட்டேன். "எல்லாரும் கதைச்சு எடுத்த முடிவு" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. பிறகு எழுத்தில் அனுப்பிய கேள்வியை வாசித்துவிட்டார்கள் என்று நீலக் கோடு காட்டுகிறது, மறுமொழி இல்லை. ஆகவே எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

வெல்லக்கூடியவர் யார் என்பது ஜூலை 4 இரவு பெட்டிகளைத் திறந்து எண்ணிய பிறகு சொல்லவேண்டிய விஷயம். அதை ஜூன் முதல் வாரத்திலேயே ஒரு குழு தீர்மானித்துவிட்டால் என்ன நடக்கும்? மேடையில் காணாத ஆளைச் சனம் கணக்கில் எடுக்காது. கணக்கில் எடுக்காததால் அவருக்கு வாக்கு விழாது. வாக்கு விழாததால் அடுத்த தேர்தலிலும் நீங்கள் கூப்பிடமாட்டீர்கள். உங்கள் கணிப்பை நீங்களே உண்மையாக்கிவிட்டு, பார்த்தீர்களா நாங்கள் சொன்னது சரிதானே என்பீர்கள்.

பிரைட்டன் பவிலியன் தொகுதியை எடுங்கள். 2005 தேர்தலில் பசுமைக் கட்சி அங்கே மூன்றாம் இடம். தொழிற்கட்சி முதலாவது, கன்சர்வேட்டிவ் இரண்டாவது. உங்கள் விதிப்படி 2010-இல் அந்த ஊரில் ஒரு கூட்டம் வைத்திருந்தால் கரோலைன் லூகாஸுக்கு அழைப்பே போயிருக்காது. அந்தத் தேர்தலில் 1,252 வாக்கு வித்தியாசத்தில் வென்று, பிரித்தானியப் பாராளுமன்றத்துக்குப் போன முதலாவது பசுமைக் கட்சி உறுப்பினர் ஆனவர் அவர்தான். இந்த முறை ஓய்வுபெறுகிறார். இடையில் வந்த மூன்று தேர்தல்களிலும் தோற்கவில்லை.

அல்லது பிரிஸ்டல். 2010-இல் பிரிஸ்டல் வெஸ்ட் தொகுதியில் பசுமைக் கட்சிக்குக் கிடைத்தது 3.8 வீதம். ஐந்து வீதத்துக்குக் கீழே போனால் 500 பவுண் கட்டுப்பணம் திரும்பி வராது என்பது உங்களுக்குத் தெரியும். அது போய்விட்டது. அடுத்த தேர்தலில், 2015-இல், அதே கட்சி அதே தொகுதியில் 26.8 வீதம் எடுத்து இரண்டாம் இடத்துக்கு வந்தது. போன மாதம் நடந்த பிரிஸ்டல் மாநகரசபைத் தேர்தலில் 70 இடங்களில் 34 அவர்களுடையது. இப்போது பிரிஸ்டல் சென்ட்ரல் என்று பெயர் மாறியிருக்கும் அந்தத் தொகுதியில் பசுமைக் கட்சியின் இணைத்தலைவர் கார்லா டெனியர் நிற்கிறார். எதிரே நிற்பவர் தொழிற்கட்சியின் தங்கம் டெபனேர், தந்தை வழியில் தமிழ் வேர் உள்ளவர். யார் வெல்வார் என்று எனக்குத் தெரியாது. கட்டுப்பணம் இழந்த கட்சி இன்று அங்கே வெல்லும் கட்சியாகப் பேசப்படுகிறது என்பது மட்டும் தெரியும். நம் தொகுதி அப்படி மாறுமா என்று நீங்களும் சொல்லமுடியாது, நானும் சொல்லமுடியாது.

போன வெள்ளி இரவு பி.பி.சி. விவாதத்தைப் பார்த்திருப்பீர்கள். ஏழு கட்சிகள், ஏழு பேர். கார்லா டெனியரும் அதில் ஒருவர். செவ்வாய் இரவு ஐ.டி.வி. இரண்டு பேரை வைத்துத்தானே நடத்தியது என்று நீங்கள் கேட்கலாம். அந்த இருவரும் பிரதமர் பதவிக்குப் போட்டியிடும் தலைவர்கள். நம் மண்டபத்துக்கு வருபவர் எவரும் பிரதமராகப் போவதில்லை. நாம் தேர்ந்தெடுப்பது நம் வீட்டு வாடகையையும் நம் பிள்ளையின் விசாவையும் நம் தெருவின் காற்றையும் பற்றி வெஸ்ட்மின்ஸ்டரில் எழுந்து பேச ஒரு ஆளை.

குழுவில் இருக்கும் மூத்தவர்களுக்கு 1977 ஜூலை மறந்திருக்காது. இலங்கையில் தொகுதிவாரி முறையில் நடந்த கடைசிப் பொதுத் தேர்தல் அது. ஐக்கிய தேசியக் கட்சி ஏறக்குறைய 51 வீத வாக்கை எடுத்து, 168 இடங்களில் 140-ஐ அள்ளியது. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு ஏறக்குறைய 30 வீத வாக்கு. கிடைத்தது எட்டே எட்டு இடம். சுதந்திரக் கட்சியின் வாக்கில் கால்வாசிகூட எடுக்காத தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு, நம் வாக்கு வடக்கு கிழக்கில் குவிந்திருந்ததால், 18 இடம். அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். அந்த முறை அன்றைக்கு நமக்குச் சாதகமாக விழுந்தது. அதே முறைதான் இங்கே, பரவலாகச் சிதறிக் கிடக்கும் வாக்குள்ள கட்சியை நசுக்குகிறது. 2015-இல் பசுமைக் கட்சிக்கு 11 இலட்சத்துக்கு மேல் வாக்கு, ஒரே ஒரு இடம். ஸ்கொட்லாந்துக்குள் மட்டும் நின்ற ஸ்கொட்டிஷ் தேசியக் கட்சிக்கு ஏறக்குறைய பதினான்கரை இலட்சம் வாக்கு, 56 இடம். ஆசனக் கணக்கைப் பார்த்து ஒரு கட்சிக்குச் சனத்தின் ஆதரவு இல்லை என்று முடிவு கட்டக்கூடாது என்பது வேறு எவரையும்விட நமக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

விகிதாசார முறையில் நடந்த தேர்தல்களில் லண்டன் வாக்காளர் என்ன செய்தார்கள் என்பதையும் பாருங்கள். 1999 முதல் 2019 வரை, இருபது வருடம், ஐரோப்பியப் பாராளுமன்றத்தில் லண்டனின் உறுப்பினர்களில் ஒருவராக இருந்தவர் பசுமைக் கட்சியின் ஜீன் லாம்பர்ட். தெற்காசிய நாடுகளுடனான உறவுக்கான குழுவுக்கு அங்கே தலைமை வகித்தவரும் அவர்தான். இலங்கைக்கு ஐரோப்பிய ஒன்றியம் கொடுக்கும் ஜி.எஸ்.பி. பிளஸ் ஏற்றுமதி வரிச் சலுகை 2010-இல் நிறுத்தப்பட்டு 2017-இல் திரும்பக் கொடுக்கப்பட்டது நம் அமைப்புகளின் கூட்டங்களில் எத்தனை தரம் பேசப்பட்டது! அந்தக் காலத்தில் பிரஸல்ஸில் யார் கதவைத் தட்டுவது என்று நமக்குத் தெரிந்திருந்தது. லண்டன் சபையிலும் 2000-இல் அது தொடங்கிய நாளிலிருந்து பசுமைக் கட்சி உறுப்பினர் இல்லாத தவணை கிடையாது. போன மாதமும் மூன்று பேர் தெரிவாகியிருக்கிறார்கள். "வெல்லாத கட்சி" என்று ஒற்றைச் சொல்லில் தள்ளிவிடும் ஆட்கள் இல்லை இவர்கள்.

சரி, பழைய கணக்கு போதும். கதவடியில் நான் கேட்டதைச் சொல்கிறேன்.

நம் தொகுதியின் கவுன்சில் அடுக்குமாடிகளில் தமிழ் வீடுகளுக்கு நான் போகும்போது வேட்பாளரும் கூட வருவார். அவர் பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறவர். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகுதான் வரமுடியும். முதலில் எல்லாரும் தேத்தண்ணி குடியுங்கோ என்பார்கள். அரசியல் பேச்சு வந்ததும் குரல் மாறிவிடும். "சங்கத்தில என்ன சொல்லீனமோ அதுக்குத்தான் போடுறது." "எங்கட ஆக்கள் எல்லாம் ஒரே பக்கம் போட்டாத்தானே மதிப்பு?" ஒரு அம்மா, இந்த நாட்டில் முப்பது வருடத்துக்கு மேல் இருப்பவர், என்னிடம் கேட்டார்: "பிள்ளை, மற்ற ஆக்களுக்குப் போட்டால் அது சட்டப்படி சரியோ?" இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு சமூகத்தை அப்படிக் கேட்கும் நிலையில் வைத்திருப்பதில் உங்கள் அமைப்புகளுக்கும் பங்கு இருக்கிறது.

ஒற்றுமையாக வாக்களித்தால் பேரம் பேசலாம் என்பது உங்கள் தரப்பு வாதம். எனக்கும் அது புரியும். ஊரில் அப்படித்தான் வாழ்ந்தோம். ஆனால் பேரம் என்றால் வேறு கடைக்குப் போகவும் கூடியவராக இருக்கவேண்டும். இவர்கள் எங்கும் போகமாட்டார்கள் என்று தெரிந்துவிட்டால் எந்தக் கட்சி உங்களுக்கு விலை குறைக்கும்? பொங்கலுக்கு வேட்டி கட்டிக்கொண்டு வந்து "வணக்கம்" சொல்வதோடு நிறுத்திக்கொள்வார்கள். பல வருடமாக நடப்பது அதுதான்.

எங்கள் ஃபிளாட்டின் படுக்கையறைச் சுவர் ஒவ்வொரு குளிர்காலத்திலும் பூஞ்சணம் பிடித்துக் கறுக்கிறது. வீட்டுக்காரர் மேலே வெள்ளை அடித்துவிட்டுப் போவார். தை மாதத்தில் திரும்பவும் வரும். மகன் இரவில் இன்ஹேலர் இல்லாமல் படுப்பதில்லை. கூடுதலாக முறைப்பாடு செய்ய எனக்குப் பயம். காரணம் சொல்லாமலே வெளியேறச் சொல்லும் 21ஆம் பிரிவு நோட்டீஸ் இன்னும் சட்டத்தில் இருக்கிறது. அதை ஒழிப்போம் என்று 2019-இல் கன்சர்வேட்டிவ் அரசாங்கம் வாக்குறுதி கொடுத்தது. அதற்கான சட்டமூலம் போன மாதம் பாராளுமன்றம் கலைந்ததோடு நிறைவேறாமலே செத்துப்போனது. பசுமைக் கட்சி வேட்பாளர் வந்தபோது அந்தச் சுவரைக் காட்டினேன். வாடகைக் கட்டுப்பாடு பற்றியும், வீடுகளுக்குள் குளிர் இறங்காமல் செய்யும் வேலைகள் பற்றியும் அவர் சொன்னார். வேறு கட்சிக்காரர் வந்திருந்தாலும் அதே சுவரைக் காட்டி அதே கேள்வியைக் கேட்டிருப்பேன். உங்கள் கூட்டத்தில் நான் செய்ய நினைத்ததும் அதுதான்: எல்லாரிடமும் ஒரே கேள்வி.

காற்றைப் பற்றியும் கேட்கவேண்டியிருக்கிறது. சவுத் சேர்குலர் வீதிக்குப் பக்கத்தில், லூயிஷமில் வாழ்ந்த எல்லா (Ella) அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுப் பிள்ளை 2013 பெப்ரவரியில் ஆஸ்துமாவில் இறந்தாள். அவளுடைய இறப்புக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று மரண விசாரணை அதிகாரி 2020 டிசம்பரில் தீர்ப்பளித்தார். இந்த நாட்டில் ஒரு மரணத்துக்கு அப்படி எழுதப்பட்டது அதுவே முதல் தரம். லூயிஷம் எங்கே இருக்கிறது என்று நம் சனத்துக்குச் சொல்லத் தேவையில்லை. சிவன் கோவிலுக்குப் போகாதவர் குறைவு. பேருந்து நிற்கும் பெரிய வீதிகளுக்கு மேலே, கடைகளுக்கு மேல்மாடியில் குடியிருப்பவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்று ஒரு தரம் அண்ணாந்து பாருங்கள். சூழல் என்பது தோட்டம் வைத்த வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு என்று குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவர் அப்படிச் சொல்லவில்லை என்றால் மன்னிக்கவும். சொல்லியிருந்தால் என் மகனின் மூச்சை ஒரு இரவு வந்து கேட்கட்டும்.

இதெல்லாம் சொல்வதால் பசுமைக் கட்சி பாலும் தேனும் என்று நான் சொல்லவரவில்லை. அவர்களுக்கு நம் சனத்தைத் தெரியாது. அவர்களின் பிரசுரத்தில் வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் வந்த அளவுக்கு இரவு வேலை வரவில்லை. யூலெஸ், அதாவது புகை கூடிய பழைய வாகனங்களுக்கான கட்டண வலய விஷயத்தில் நம் கடைக்காரருக்கு அவர்கள்மேல் நல்ல கோபம். போன ஓகஸ்டில் அது லண்டன் முழுவதற்கும் விரிந்தபோது, பழைய வான் வைத்திருந்தவர் காஷ் அண்ட் கேரிக்குப் போகும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண் கட்டவேண்டி வந்தது. என் சொந்த மைத்துனர் வானை நட்டத்துக்கு விற்றார். இன்றுவரை என்னோடு அதைப் பற்றிச் சரியாகக் கதைப்பதில்லை. விரித்தது தொழிற்கட்சி மேயர், ஆனால் பசுமைக் கட்சி அதை வரவேற்ற கட்சி. அப்படியென்றால் அந்த வேட்பாளரைக் கூப்பிட்டு முன்வரிசையில் இருந்து கேளுங்கள், வியர்க்கட்டும். கூப்பிடாமல் விட்டு அவரைத் தப்பவிட்டது நீங்கள்தான்.

கேட்க வேறு எவ்வளவோ இருக்கிறது. மார்ச் 11-க்குப் பிறகு விண்ணப்பிக்கும் பராமரிப்பு வேலையாட்கள் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் அந்த விசாவில் வரவென்று காசு கட்டியவர்கள் நம் தெருவிலேயே சொந்தக்காரரை வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் 11 முதல் கணவனையோ மனைவியையோ அழைக்க வேண்டிய வருமானம் 18,600 பவுணிலிருந்து 29,000-க்குப் போய்விட்டது. 2021 ஒக்டோபரில் படகு பழுதாகி டியாகோ கார்சியாவில் இறங்கிய தமிழர்களில் பலர் இன்னும் அந்த இராணுவத் தளத்தில் கூடாரங்களில் கிடக்கிறார்கள். அது பிரித்தானியாவின் ஆட்சிக்குள் இருக்கும் தீவு. இவற்றுக்கு எல்லா வேட்பாளரிடமும் பதில் வாங்கி, பதிவுசெய்து வைத்திருந்தால், வென்றவர் யாராக இருந்தாலும் பிறகு போய்க் கேட்கலாம். இரண்டு பேரை மட்டும் கூப்பிட்டால் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பார்த்தே பதில் சொல்வார்கள். மூன்றாவது ஆள் பக்கத்தில் இருந்தால் நழுவுவது கஷ்டம்.

வாக்கைப் பிரித்துவிடுவார்கள் என்ற பயமும் குழுவில் இருப்பது எனக்குத் தெரியும். போன வருடம் ஜூலையில் நடந்த அக்ஸ்பிரிட்ஜ் இடைத்தேர்தலைக் காட்டுவீர்கள்: தொழிற்கட்சி தோற்றது 495 வாக்கால், பசுமைக் கட்சி எடுத்தது 893. உண்மைதான். ஆனால் அந்த 893 பேரும் தொழிற்கட்சி தன் பெட்டியில் போட்டுவைத்த சொத்து அல்ல. பெப்ரவரியில் 28 பில்லியன் பவுண் பசுமை முதலீட்டு வாக்குறுதியை அதே கட்சி கைவிட்டபோது, அதை நம்பியிருந்த வாக்காளர் எங்கே போகவேண்டும் என்று நினைக்கிறீர்கள்? கட்சி நகர்ந்தால் வாக்கும் நகரும். அதைத் தடுப்பது கோவில் மண்டபத்தின் வேலை இல்லை.

இனிச் சட்டம். உங்கள் கூட்டுக் குழுவில் இருக்கும் அமைப்புகளில் சில பதிவுசெய்யப்பட்ட அறக்கட்டளைகள். எந்தக் கட்சிக்கும் வேட்பாளருக்கும் ஆதரவு கொடுக்கக்கூடாது என்று சாரிட்டி கமிஷனின் விதி தெளிவாகச் சொல்கிறது. தேர்தல் ஆணைக்குழுவின் வழிகாட்டலும் இருக்கிறது. எல்லாரையும் கூப்பிட்டே ஆகவேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. அதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் சிலரை விடுவதென்றால் பக்கச்சார்பற்ற காரணம் இருக்கவேண்டும், கேட்டால் அதை விளக்கக்கூடியதாக இருக்கவேண்டும். அண்மைத் தேர்தல் முடிவுகள், உள்ளூரில் அந்தக் கட்சிக்கு உள்ள இடம், எத்தனை பிரதிநிதிகள், மண்டபத்தின் வசதி ஆகியவை அப்படியான காரணங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 800-க்கு மேல் கவுன்சிலர்களும் லண்டன் சபையில் மூன்று உறுப்பினர்களும் உள்ள ஒரு கட்சியை இந்த அளவுகோலால் எப்படி வெளியே தள்ளினீர்கள் என்று எழுதித்தாருங்கள். காரணம் நிற்காவிட்டால், மண்டப வாடகையும் ஒலிபெருக்கியும் வடையும் தேநீரும் மேடையில் இருந்த இருவருக்காகச் செய்த தேர்தல் செலவாகக் கணக்கிடப்படலாம். ஒரு தொகுதியில் வேட்பாளருக்காக வெளியார் செலவழிக்கக்கூடிய எல்லை 700 பவுண். இதை மிரட்டலாகச் சொல்லவில்லை. நம் அமைப்புகளின் பெயர் பத்திரிகையில் வேறு காரணத்துக்காக வருவதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

அப்புறம் அந்தத் திகதி. ஜூன் 23-இல் கூட்டம் வைத்து, "தவறாமல் வாக்களியுங்கள்" என்று கீழே போட்டிருக்கிறீர்கள். வாக்காளராகப் பதிய கடைசி நாள் ஜூன் 18 நள்ளிரவு. தபால் வாக்குக்கு விண்ணப்பிக்கக் கடைசி நேரம் 19 பின்னேரம் ஐந்து மணி. உங்கள் கூட்டத்துக்கு வந்து உற்சாகமாகிறவர் பதிவு இல்லாதவராக இருந்தால் அவருக்கு நேரம் போய்விட்டிருக்கும். இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டோடு இங்கே சட்டப்படி விசாவில் இருப்பவர், பிரித்தானியக் குடியுரிமை எடுக்காவிட்டாலும், பொதுநலவாய நாட்டவர் என்ற முறையில் இந்தத் தேர்தலில் வாக்களிக்கலாம். கதவுக்குக் கதவு நான் பார்த்ததில் இது நம் சனத்தில் பாதிப்பேருக்குத் தெரியாது. பொதுத் தேர்தலில் புகைப்பட அடையாளம் காட்டவேண்டியதும் இந்த முறைதான் முதல் தரம். இலங்கைக் கடவுச்சீட்டு செல்லும், ஃப்ரீடம் பாஸ் என்ற இலவசப் பயண அட்டை செல்லும், அறுபது வயதுக்காரரின் ஆய்ஸ்டர் பயண அட்டையும் செல்லும். காலாவதியானதாக இருந்தாலும் படத்தில் முகம் ஒத்துப்போனால் போதும். ஒன்றும் இல்லாதவர் ஜூன் 26 பின்னேரம் ஐந்து மணிக்குள் விண்ணப்பித்தால் இலவச அடையாளச் சான்று கிடைக்கும். உங்கள் அறிவித்தலில் குத்துவிளக்குக்கு இருந்த இடத்தில் இதில் இரண்டு வரி போட்டிருக்கலாம்.

நான் கேட்பது இவைதான்.

ஜூன் 23 கூட்டத்துக்கு நம் தொகுதியின் வாக்குச்சீட்டில் உள்ள எல்லா வேட்பாளருக்கும் இந்த வாரமே அழைப்பு அனுப்புங்கள். பசுமைக் கட்சிக்கு மட்டுமல்ல, லிபரல் டெமோக்ராட்டுக்கும் சுயேச்சைகளுக்கும் ரிஃபோர்ம் கட்சிக்கும் அனுப்புங்கள். ரிஃபோர்ம் கட்சியின் குடிவரவுக் கொள்கை எனக்குத் துளியும் பிடிக்காது. அதை நம் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். நேரம் போதாவிட்டால் ஆளுக்கு மூன்று நிமிட முன்னுரை, மிச்சம் முழுவதும் கேள்வி. பொன்னாடையையும் நீண்ட வரவேற்புரையையும் விட்டுவிட்டால் இரண்டு மணித்தியாலம் தாராளமாகப் போதும்.

இரண்டு பேரோடுதான் நடத்துவோம் என்றால், மற்றவர்களை விட்டதற்கான காரணத்தைக் குழுவின் எல்லா அமைப்புகளின் பெயரோடும் எழுத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிடுங்கள். யார் அந்த முடிவை எடுத்தார்கள் என்பதும் அதில் இருக்கட்டும். அத்தோடு "தமிழ் மக்களின் வேட்பாளர் சந்திப்பு" என்ற தலைப்பை எடுத்துவிடுங்கள். நானும் தமிழ் மக்களில் ஒருத்தி, என்னைக் கேட்கவில்லை.

கேள்விகளை முன்கூட்டியே எழுதி வாங்கி வடிகட்டும் வழக்கத்தை இம்முறை நிறுத்துங்கள். ஒலிவாங்கியைச் சனத்துக்கு நடுவில் விடுங்கள். பெண்களும் பதினெட்டு வயதில் முதல்முறை வாக்களிக்கப்போகும் பிள்ளைகளும் கேட்க நேரம் ஒதுக்குங்கள். ஆங்கிலத்தில் கேட்கத் தயங்குபவருக்கு மொழிபெயர்க்க நானே வருகிறேன், எந்தக் கட்சி பேசினாலும்.

எந்தக் கட்சிக்கு வாக்களிக்கவேண்டும் என்று கூட்டத்தின் முடிவிலோ, பிறகு உறுப்பினர் குழுக்களிலோ அமைப்புகளின் பெயரால் செய்தி அனுப்பமாட்டோம் என்று உறுதி கொடுங்கள். தனி ஆளாக நீங்கள் யாருக்கும் வாக்குக் கேட்கலாம், நான் கேட்கவில்லையா? சங்கத்தின் கடிதத் தலைப்பில் வேண்டாம்.

பதிவு, தபால் வாக்கு, அடையாள அட்டை பற்றிய திகதிகளை இன்றிரவே எல்லா வாட்ஸப் குழுக்களிலும் போடுங்கள். ஜூன் 14 வெள்ளிக்கிழமைப் பூசைக்கும் 16 ஞாயிறு தமிழ்ப் பள்ளிக்கும் வரும் சனத்துக்கு ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். வாசலில் ஒரு மேசை போட்டு, கைபேசியில் பதிவுசெய்து கொடுக்க இரண்டு இளையவர்களை இருத்துங்கள். ஆள் கிடைக்காவிட்டால் அந்த மேசைக்கு நான் வருகிறேன். கட்சிப் பட்டியை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுத்தான் வருவேன்.

வியாழக்கிழமை இரவுக்குள் எழுத்தில் மறுமொழி வேண்டும். அழைப்புப் போய்ச் சேர்ந்து வேட்பாளர்கள் நேரத்தை ஒதுக்க அதற்குமேல் தாமதிக்கமுடியாது. மறுமொழி வராவிட்டால் இந்த மடலை நம் தொகுதியின் எல்லா வேட்பாளருக்கும், உங்கள் அழைப்பை ஏற்ற இருவருக்கும் சேர்த்து, ஆங்கிலத்தில் அனுப்புவேன்.

இப்படிக்கு,
நம் தொகுதியின் வாக்காளர் ஒருத்தி